குமிழியோடு கேமரன் மலைக்கு

என் கணவரின் வலது கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழி இருந்தது. சிங்கப்பூரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது அவருக்கு விழித்திரை பிய்ந்துவிட்டது. அறுவை செய்து, திரை மறுபடி ஒட்டிக்கொள்ளும்வரை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கட்டும் என்று வாயுவை நிரப்பிவிட்டார்கள். அது தானாகக் கரையும். இரண்டு மாதம்கூட ஆகலாம். அதுவரை விமானம் ஏறக் கூடாது. பாங்காக்கில் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே பேருந்தும் ரயிலுமாக, தரைவழியே வடக்கு நோக்கிக் கிளம்பினோம்.

கோவையில் கட்டட ஒப்பந்த வேலை பார்த்து ஓய்ந்தவர் அவர். குமிழி கொஞ்சம் சிறுத்ததும் கண்ணுக்குள் ஒரு கோடு தெரிய ஆரம்பித்தது. கோட்டுக்கு மேலே உலகம். கீழே தண்ணீருக்குள் விழித்துப் பார்ப்பதுபோல் கலங்கல். தலையைச் சாய்த்தால் கோடு ஆடும், நிமிர்ந்தால் சமமாக வந்து நிற்கும். "கண்ணுக்குள்ள ரசமட்டம் வெச்சு அனுப்பியிருக்காங்க கோமதி. இனி எந்தச் சுவரு கோணலா இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். மணிக்கொரு தரம் "கோடு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

மலேசியாவின் கேமரன் மலை அவருடைய ஆசை. மகனின் பக்கத்து வீட்டார் ஜப்பானுக்கு இலையுதிர்காலம் பார்க்கப் புறப்பட்டிருந்தார்கள். "ஊரெல்லாம் செவந்த இலை பாக்கப் போகுது. நாம ஐப்பசியில பச்சை இலை பாக்கலாம். வழியிலதானே இருக்குது?" என்றார். அறுவைக்குப் பிறகு நாள்கணக்கில் குப்புறப் படுத்துத் தரையோடுகளையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர். பச்சை பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சிதானே என்று நானும் தலையாட்டினேன். பறக்கக் கூடாது என்பது மட்டும்தான் எங்கள் மனதில் நின்றிருந்தது.

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டதும் பேருந்து மலையைச் சுற்ற ஆரம்பித்தது. வால்பாறைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பழகிய உடம்பு எங்களுடையது. ஆனாலும் இந்த ஓட்டுநர் ஒரு கையால் ஓட்டியபடி மறுகையால் வேர்க்கடலை உரித்துத் தின்றதைப் பார்த்து முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பாதி வழியில் என் கணவர் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

"வலிக்குதுங்களா?"

"கண்ணுக்குள்ள கட்டைவிரல வெச்சு அமுக்குற மாதிரி இருக்குது. வளைவு ஜாஸ்தியில்ல, அதுதான்."

தானா ராத்தாவில் இறங்கியபோது மழை தூறியது. கடைத்தெரு முழுக்கத் தீபாவளிக் களை. பிளாஸ்டிக் தோரணம், முறுக்கு டப்பாக்கள், சேலைக் கடை வாசலில் தமிழ்ப் பாட்டு. ஒரு நொடி சொந்த ஊர்க் கடைவீதியில் நிற்பதுபோல் இருந்தது. அடுத்த நொடியே பக்கத்துக் கடையில் பலாப்பழம் அளவுக்கு ஒரு துணி ஸ்ட்ராபெர்ரி தொங்கி அந்த நினைப்பைக் கலைத்தது. அவர் ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் தோய்த்து இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். இரண்டு வாயில் எழுந்திருக்கிற ஆள் இல்லை அவர். விடுதி அறையில் வலி கொஞ்சம் மட்டுப்பட்டதுபோல் இருந்தது. "பாத்தியா, பஸ்ஸு ஆட்டம்தான்," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

காலையில் விடுதிக்காரர் ஏற்பாடு செய்த டாக்சி வந்தது. ஓட்டுநரின் பெயர் சவரிமுத்து, நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியில் ஒரு ஜெபமாலை ஆடியது. அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில் பிறந்தவர், இவரும் அங்கேதான். "என் வீட்டுல யாரும் இப்ப கொழுந்து வெட்டல லா அம்மா. தங்கச்சி கிளினிக்ல நர்ஸ், தம்பி டவுன்ல மெக்கானிக். நான் கெரெத்தா ஓட்டுறேன். ஆனா கிறிஸ்துமஸ் வந்தா எல்லாரும் லயத்துக்குத்தான் போவோம்," என்றார். கார் என்பதற்கு அவர்கள் ஊர்ச் சொல் கெரெத்தா; லா என்பது நம்மூர் 'ப்பா' மாதிரி வெறும் ஒட்டு.

பிரிஞ்சாங்கைத் தாண்டி ஒற்றைச் சாலையில் இன்னும் மேலே ஏறினோம். வால்பாறையில் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் ஓங்கிய மரங்கள் நிற்கும், சோலை குறுக்கிடும், யானை வருமோ என்று பயம் இருக்கும். இங்கே மலைகளுக்குச் சீப்பு போட்டு வாரியதுபோல் வரிவரியாகத் தேயிலை. இரண்டு பேர் ஒரு இயந்திரத்தை இருபுறமும் பிடித்துக்கொண்டு செடியின் தலையைச் சிரைத்துக்கொண்டே போனார்கள். கொழுந்து பின்னால் கட்டியிருந்த பைக்குள் போய் விழுந்தது. அவர்கள் வங்கதேசத்துக்காரர்கள் என்றார் சவரிமுத்து. சற்று நேரத்தில் மேகம் வந்து அவர்களையும் மூடியது.

தோட்டத்துத் தேநீர்க்கடை சரிவின் விளிம்பில் இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் வெள்ளை தவிர வேறில்லை. பக்கத்து மேசையில் ஒரு பையன் ஏதோ சொல்ல, எதிரில் இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "'இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்து புகையைக் காட்டுறியா'ன்னு கேக்குது அந்தப் புள்ள," என்று சவரிமுத்து எனக்கு மொழிபெயர்த்தார். அப்போதுதான் என் கணவர் தேநீர்க் கோப்பையை எடுக்கப் போய், பிடியைப் பிடிக்காமல், பக்கத்து வெற்றிடத்தைப் பிடித்தார்.

"கோமதி, கோடு ஏறுது."

"என்னங்க சொல்றீங்க?"

"காலையில பாதியில இருந்துச்சு. இப்ப மேல வந்திருச்சு. மேல கொஞ்சூண்டுதான் தெரியுது. தலை ஒரு பக்கமாப் பொளக்குது." சொல்லி முடிப்பதற்குள் வாந்தி எடுத்தார்.

அந்தக் கடைக்காரப் பெண்கள் ஓடிவந்து துடைத்ததும் யாரோ தண்ணீர் நீட்டியதும் மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. திரை மறுபடி பிய்ந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். பேரப்பிள்ளையை ஒற்றைக் கண்ணால்தான் பார்ப்பாரா என்ற எண்ணம் வந்தது. அதைப் போய் இப்போது நினைக்கிறோமே என்று என் மேலேயே ஆத்திரமும் வந்தது. சவரிமுத்து அவரைத் தோளில் சாய்த்துக் காருக்கு நடத்திப் போனார். "ஆஸ்பத்திரி கீழதான் இருக்கு. பயப்படாதீங்க அம்மா," என்றவரின் குரலும் சரியாக இல்லை.

தானா ராத்தா மருத்துவமனையில் இளம் மலாய்ப் பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். தலையில் வெளிர்நீல முக்காடு, முகத்தில் தூக்கமின்மை. இமைகளை மூடச் சொல்லி இரண்டு கண்களையும் விரலால் மாற்றி மாற்றி மெதுவாக அழுத்திப் பார்த்தார். வலது கண்ணில் விரல் நின்றது. ஆங்கிலத்தில் கேட்டார்: "அறுவையில் உள்ளே எண்ணெய் வைத்தார்களா, வாயுவா?"

"வாயு," என்றார் இவர்.

"மலைக்கு எப்போது வந்தீர்கள்?"

"நேற்று."

மருத்துவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "இங்கே கடைகளில் உருளை வறுவல் பாக்கெட்டுகள் தலையணைபோல் உப்பியிருக்குமே, பார்த்தீர்களா? மேலே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருக்கிற வாயு விரியும். பாக்கெட் உப்பலாம். கண்ணால் முடியாது. உள்ளேயே இறுகும்." விமானத்துக்குச் சொன்ன காரணம்தான் மலைக்கும். அதிக நேரம் இப்படியே இருந்தால் கண்ணுக்குப் போகிற ரத்தமே நின்றுவிடலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

சொட்டு மருந்து விட்டார், மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார். "இவை கொஞ்சம் தாங்கும். உண்மையான மருந்து கீழே இறங்குவது. இங்கே கண் நிபுணர் இல்லை, ஈப்போவுக்குப் போக வேண்டும். நான் பேசிவைக்கிறேன்." இருந்த ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்காகப் போயிருந்தது. விடுமுறை நெரிசலில் அது எப்போது திரும்பும் என்று சொல்ல முடியவில்லை. "காத்திருக்காதீர்கள். ஆனால் பிரிஞ்சாங் வழியாகப் போகாதீர்கள், அது முதலில் ஏறும். தாப்பா சாலையில் நேராக இறங்குங்கள். ஓரடிகூட மேலே போக வேண்டாம்."

சவரிமுத்து வாசலில் வண்டியை உறுமவிட்டபடி நின்றார். பெட்டிகள் விடுதியிலேயே கிடக்கட்டும் என்று புறப்பட்டோம்.

இறக்கத்தில் முன்னால் போகிற ஒவ்வொரு காரும் எனக்கு விரோதியாகத் தெரிந்தது. காய்கறி லாரிகள், ஸ்ட்ராபெர்ரிப் பைகளை மடியில் வைத்த குடும்பங்கள், ஒவ்வொரு வளைவிலும் நின்று படம் எடுக்கிறவர்கள். அவர் பின்னிருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். வலி கூடும்போதெல்லாம் அந்தப் பிடி சொல்லிவிடும். ரிங்லட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டிகள் வரிசையாக நின்றன. மழையில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார் சவரிமுத்து.

"மண்ணு சரிஞ்சிருச்சு அம்மா. மூங்கிப் புதரோட வந்து ரோட்டுல உக்காந்திருக்கு. பொம்பா வந்துட்டாங்க, மெஷின் இன்னும் வரல." பொம்பா என்றால் தீயணைப்புப் படை. "திருப்பினா பிரிஞ்சாங் வழியாத்தான் போகணும். அது ஏத்தம்."

"திருப்புங்க தம்பி," என்றார் இவர் கண்ணைத் திறக்காமலே. "இந்த மழையில இவளச் சேத்துல நடத்த வேண்டாம். கொஞ்ச நேர ஏத்தம்தானே, பல்லக் கடிச்சுக்கறேன்."

என் வாழ்க்கையில் பெரிய முடிவுகள் எல்லாம் அவருடையவை. வீடு கட்டியது, மகளை வெளிநாட்டில் கொடுத்தது, இந்த மலை உட்பட. அவிநாசி சாலையைக் கடக்கக்கூட நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொள்கிறவள். ஆனால் மருத்துவரின் குரல் காதில் நின்றது. "வேண்டாங்க," என்றேன். "சவரிமுத்து, அந்தப் பக்கமும் இதே மாதிரி வண்டி நிக்கும்தானே? நடந்து தாண்டிட்டா யாராவது கீழ கூட்டிட்டுப் போக மாட்டாங்களா?"

சவரிமுத்து வண்டியை ஓரங்கட்டினார். "போலாம்," என்றார்.

சரிவு நான் நினைத்ததைவிடப் பெரிது. சிவந்த மண் சாலையின் முக்கால்வாசியை விழுங்கிப் பள்ளத்துப் பக்கம் வழிந்திருந்தது. மேலே வேர்கள் அந்தரத்தில் தொங்கின. அவ்வப்போது பொடிக் கற்கள் சலசலத்து உருண்டன. பொம்பா அதிகாரி ஒருவர் இரு கைகளையும் விரித்து எங்களைத் தடுத்தார். சவரிமுத்து மலாயில் வேகமாகப் பேசினார். 'மாத்தா, மாத்தா' என்று அவர் தன் கண்ணைத் தொட்டுக் காட்டியது மட்டும் எனக்குப் புரிந்தது. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் கும்பிட்டேன். அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

அதிகாரி சரிவை நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் ஆட்களை அழைத்து, பள்ளத்து ஓரமாக ஒரு கயிற்றைப் பிடித்து நிற்கச் சொன்னார். நோயாளிக்கு மட்டும் ஒருவர் துணை, மற்றபடி ஒவ்வொருவராக, நிற்காமல், மேலே பார்க்காமல் போக வேண்டும். சவரிமுத்து அதை மொழிபெயர்த்துவிட்டு இவருடைய இடுப்பை அணைத்துக்கொண்டு முதலில் இறங்கினார். சேறு முழங்கால்வரை ஏறியது. நடுவில் இவருடைய ஒரு செருப்பு போயிற்று. குனிந்து தேடப் போனார். "விடுங்க ஐயா, செருப்பு பொறவு வாங்கிக்கலாம்!" என்று சவரிமுத்து கத்தியது மழையிலும் கேட்டது.

பிறகு என் முறை. கயிறு ஈரத்தில் வழுக்கியது. மேலே பார்க்காதே என்று சொன்னதால் மேலே மட்டுமே பார்க்கத் தோன்றியது. பாதியில் தலைக்கு மேல் ஏதோ முறிகிற சத்தம் கேட்டுக் கால் அசையாமல் நின்றுவிட்டேன். ஒரு பொம்பா இளைஞன் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்து, மூட்டையை இழுப்பதுபோல் இழுத்துக் கரையில் சேர்த்தான். திரும்பிப் பார்த்தேன். ஒரு மூங்கில்தான் முறிந்திருந்தது.

அந்தப் பக்கம் முன்வரிசையில் ஒரு பள்ளி வேன் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் முப்பது, முப்பத்தைந்து வயதுப் பெண். பெயர் தேவி. தாப்பாவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். தீபாவளிக்காக மாமனாரையும் மாமியாரையும் அவர்கள் பிறந்த தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட வந்திருந்தார். சவரிமுத்து ஜன்னலில் கையூன்றி நிலைமையைச் சொன்னார். அவர் முடிப்பதற்குள்ளேயே தேவி வேனின் பக்கக் கதவை இழுத்துத் திறந்தார்.

"ஏறுங்க லா ஆண்ட்டி. நான் ஈப்போவுக்கே கொண்டு போயிடுறேன்." பிறகுதான் பின்னால் இருந்த மாமியார் நினைவுக்கு வந்தார். "மாமி, நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"என்ன செய்ய? இந்தத் தம்பி கெரெத்தா அந்தப் பக்கம் சும்மாத்தானே நிக்குது? அதுல போறோம்," என்றார் அந்த அம்மாள். மாமனார் ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். பொம்பா அதிகாரி இவர்களையும் பார்த்ததும் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆனால் கயிறு இன்னும் அங்கேதான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இருவரும் சேற்றைக் கடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு பொம்பாக்காரர்கள் முறுக்கு டப்பாக்களைத் தலைக்கு மேல் தூக்கியபடி போனார்கள். "சாய்க்காம கொண்டு போங்கப்பா, அதிரசம் இருக்குது!" என்று மாமியார் தமிழில் கத்த, அவர்கள் மலாயில் ஏதோ பதில் சொல்லிச் சிரித்தார்கள். சவரிமுத்து கடைசியாகத் தாண்டினார். அந்தக் கரையில் நின்று கையை உயர்த்தினார். நன்றி என்ற சொல்லை நான் அவரிடம் சொல்லவே இல்லை என்பது வேன் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

தேவி நன்றாக ஓட்டினார். வளைவுக்கு முன்பே ஒலி எழுப்பி, தேவையில்லாமல் ஒரு சொல்லும் பேசாமல் ஓட்டினார். நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"கோடு?"

"அப்படியேதான் இருக்குது."

காது அடைத்துத் திறந்தது. காற்றில் குளிர் போய் வெக்கை ஏறியது. தேயிலைக்குப் பதில் வாழையும் மூங்கிலும் வந்தன. ஒரு அருவியைத் தாண்டினோம். கூட்டம் கூட்டமாக நின்று குளித்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் இருந்த அவர் பிடி தளர்ந்திருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன். தளர்ந்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் அவரை உலுக்கினேன்.

"ஏன்டி உலுக்கற? இறங்குது," என்றார். "கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. வலியும் விடுது." அப்புறம், "பசிக்குது," என்றார்.

தேவி கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். முன்பலகைப் பெட்டியைத் திறந்து ஒரு நெகிழிப் பொட்டலத்தை எட்டிக் கொடுத்தார். "மாமி எனக்குன்னு தனியா வச்சது லா அங்கிள். சாப்பிடுங்க." அரிசி முறுக்கை ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் கடித்த சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். அதுவரை அழவில்லை.

ஈப்போவில் கண் நிபுணர் எங்களுக்காகக் காத்திருந்தார். வயதான சீனர், மென்மையான கைகள். இருட்டு அறையில் இவர் நெற்றியைக் கருவியில் பதித்து உட்கார, நான் சுவரோரம் சேறு உலர்ந்த காலோடு நின்றேன். ஏதாவது சொல்லுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் நிதானமாக மறுகண்ணையும் பார்த்தார். மறுபடியும் வலதுக்கு வந்தார். பிறகு விளக்கைப் போட்டார்.

"திரை ஒட்டியபடியே இருக்கிறது. அழுத்தம் இறங்கிவிட்டது. நல்ல நேரத்தில் இறக்கிவிட்டீர்கள்." கைகழுவிக்கொண்டே, "இனிமேல் தரையில் இருங்கள்," என்றார்.

இரண்டு நாள் ஈப்போவிலேயே தங்கி அவரிடம் மறுபடி காட்டினோம். தீபாவளியன்று தேவி இட்லியும் கோழிக் குழம்பும் கட்டிக்கொண்டு விடுதிக்கே வந்தார். எங்கள் பெட்டிகளைச் சவரிமுத்து பேருந்தில் ஏற்றி அனுப்பியிருந்தார். தொலைபேசியில் அவரிடம், சொல்ல விட்டுப்போன நன்றியைச் சொன்னேன். "பெரியவங்க ரெண்டு பேரும் நல்லபடியா போய்ச் சேந்துட்டாங்க அம்மா. ஆனா வழியெல்லாம் எனக்குக் கார் ஓட்டவே சொல்லிக்குடுத்துட்டாங்க லா," என்று அலுத்துக்கொண்டார். மகளுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. நடந்ததில் பாதியைத்தான் அவளிடம் சொன்னோம்.

அதன்பிறகு தாய்லாந்து எல்லை நோக்கிப் போகிற ரயிலில் ஏறினோம். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, புதுச் செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டுக்கு மேலே தெரிகிற அளவுக்கு உலகத்தை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கோ தொலைவில் நீலமாக ஒரு குன்று தெரிந்தாலே எழுந்து நின்று பார்த்தேன். இந்தத் தண்டவாளம் அதற்குள் போய் ஏறுமோ? பயணச்சீட்டு பார்க்க வந்த மலாய் இளைஞரிடம், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வழியில் மலை வருமா என்று கேட்டேன்.

அவர் முகம் வாடியது. வெளியூர்க்காரிக்கு நல்ல காட்சியாகக் காட்ட முடியவில்லையே என்ற வருத்தம் அதில் நிஜமாகவே இருந்தது. "மன்னியுங்கள் ஆண்ட்டி. இந்தப் பாதையில் மலை ஏற்றமே கிடையாது. ஒரு சுரங்கம் வரும், அதுவும் சமதரைதான். அதைத் தாண்டினால் எல்லைவரை வெறும் வயல். பார்க்க ஒன்றுமே இருக்காது."

அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.